கலைஞர் கோப்புகளைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மூத்தோருக்கும் உடன் பணிபுரியும் தோழர்களுக்கும் வணக்கம்.

தன்பாலீர்ப்புடைய கலைஞர்களைப் பற்றிப் படிக்க வரும் மாணவர்களுக்காக எங்கள் கலை நூலகத்தில் நான் தொகுத்து வந்த வாசிப்பு வழிகாட்டி இம்மாதம் நிறைவுற்றது. முகப்பில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. அந்தப் பணி எத்தனை பேருடைய உழைப்பின் மேல் நின்றது என்பதைப் பலரும் அறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, வட அமெரிக்கக் கலை நூலகச் சங்கத்துக்குள் கே (தன்பாலீர்ப்புடைய ஆண்), லெஸ்பியன் (தன்பாலீர்ப்புடைய பெண்) ஆர்வக் குழுவை அமைத்துப் பேணிய மூத்தோருக்கு. 1972இல் அச்சங்கம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அமெரிக்க நூலகச் சங்கத்தில் கே விடுதலைப் பணிக்குழு தோன்றியிருந்தது. இஸ்ரேல் ஃபிஷ்மன் தொடங்கிய அக்குழுவைப் பின்னர் பதினைந்து ஆண்டுகள் வழிநடத்திய பார்பரா கிட்டிங்ஸ் நூலகரே அல்லர். தன்னைப் பற்றி அறிந்துகொள்ள இளமையில் நூலகம் நூலகமாகத் தேடி, கிடைத்த பக்கங்களிலெல்லாம் தன்னை நோயாளியாகவும் குற்றவாளியாகவுமே கண்ட வாசகர். அவர்களைப் போன்றோர் விடாது வலியுறுத்தியதால்தான், பிறழ்ந்த பாலுறவு என்ற வகுப்பின் கீழ் அடைக்கப்பட்டிருந்த தன்பாலீர்ப்பு பற்றிய நூல்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1972இல் அங்கிருந்து வெளியே எடுத்தது. அந்த வழியில் வந்த கலை நூலகர்கள் தங்கள் துறையின் தனிச் சிக்கலை எதிர்கொள்ளத் தங்களுக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சிக்கல் என்னவென்று துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கலைஞர்களைப் பற்றிய பெரிய நூல்களில், வாழ்நாள் முழுவதும் உடன் வாழ்ந்த துணை பெரும்பாலும் நண்பர் என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுவார். அவருடைய பெயர் எஞ்சியிருப்பது கலைஞர் கோப்பில்தான். கண்காட்சி அழைப்பிதழ், ஒற்றைத் தாள் விலைப்பட்டியல், செய்தித்தாள் நறுக்கு, இரங்கல் கூட்ட அறிவிப்பு என யாரும் நூலாகக் கருதாத தாள்கள் நிறைந்த உறை அது. இடநெருக்கடி வந்தால் முதலில் குப்பைக்குப் போவதும் அதுவே. 1980களிலும் 90களிலும் எய்ட்ஸ் நோயால் கலைஞர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, வாடகை நின்றதும் காலி செய்யப்பட்ட ஓவியக்கூடங்களோடு இத்தகைய தாள்களும் போயின. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், இறந்த நண்பர்களின் வீடுகளுக்குத் தாமே சென்று, எஞ்சியவற்றைக் கேட்டு வாங்கி, நாள் குறித்து, பெயர் எழுதிக் கோப்பில் சேர்த்தார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரை இங்கே குறிப்பிடவில்லை. அம்மா, என் வழிகாட்டியின் இரண்டாம் பகுதி முழுவதும் நீங்கள் காத்த உறைகளிலிருந்து எழுந்தது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க்கில் இதே பணியை நிறுவனமாகவே செய்துவருவோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்த கலைஞர்களின் படைப்புகள் பதிவில்லாமல் அழியக் கூடாது என்று ஓவியர் ஃபிராங்க் மூரும் எழுத்தாளர் டேவிட் ஹிர்ஷும் 1994இல் தொடங்கிய விஷுவல் எய்ட்ஸ் ஆவணத் திட்டமும், 1974இல் தோன்றி ஜோன் நெஸ்லின் அடுக்ககத்திலேயே நெடுநாள் வளர்ந்து இப்போது புரூக்ளினில் தனி வீட்டில் இயங்கும் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆவணக் காப்பகமும் இல்லையென்றால், என் பட்டியலில் பாதிப் பெயர்கள் இருந்திரா.

இலங்கையில் பிறந்தவன் என்பதால் லயனல் வென்ட் பற்றிய பக்கத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு. கொழும்பில் பியானோ கலைஞராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் வாழ்ந்து, நவீன ஓவியர்களின் 43 குழு அமைய முன்னின்று, 1944இல் மறைந்தவர் அவர். மறைவுக்குப் பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப் படங்களையும் 1950இல் லண்டனில் வெளிவந்த படத்தொகுப்பையும் கொண்டே அவரை இன்று அறிகிறோம். ஆணுடலை அவர் கண்ட விதத்தைப் பார்த்து ஆய்வாளர்கள் பலர் அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்கிறார்கள். அவரோ அப்படித் தம்மைப் பகிரங்கமாக அறிவித்துக்கொண்டவர் அல்லர். நூலகப் பட்டியலில் அவரை எந்தப் பொருள் தலைப்பின் கீழ் இடுவது? இதற்கு விடை சொன்ன பட்டியலாக்கத் தோழிக்கு மனமார்ந்த நன்றி. கலைஞர் தாமே சொல்லாததை அவருடைய பெயரின் மேல் ஏற்றாமல், படைப்பின் பொருளுக்கும் அதைப் பற்றிய ஆய்வுக்கும் தலைப்பிட்டால் தேடுபவருக்கும் வழி கிடைக்கும், இறந்தவருக்கும் அநீதி நேராது என்று அவர் விளக்கினார். இதைவிட நேர்மையான முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நெதர்லாந்தில் 1997இல் தொடங்கி இன்றுவரை திருத்தப்பட்டுவரும், பால், பாலினச் சிறுபான்மையினர் பற்றிய நூல்களுக்குத் தலைப்பிட உதவும் ஹோமோசாரஸ் சொற்தொகுதியைப் பயன்படுத்தக் கற்பித்தவரும் அவரே.

படத்தொகுப்பின் நகல் எந்தெந்த நூலகங்களில் உள்ளது என்று தேடித் தந்த லண்டன் கலை நூலகருக்கும், மங்கிய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தந்த இரு மாணவர்களுக்கும், அச்சுச் செலவை ஏற்ற கல்லூரிக்கும் என் நன்றி உரியது.

வழிகாட்டியின் அச்சுப் பிரதி எங்கள் நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. வேறு நூலகங்கள் கேட்டால் கட்டணமின்றி அனுப்புவோம். விடுபட்ட கலைஞர்களையும் பிழைகளையும் தெரிவித்தால் அடுத்த பதிப்பில், தெரிவித்தவர் விரும்பினால் அவர் பெயரோடு, சேர்த்துக்கொள்கிறேன். வீட்டில் பழைய கண்காட்சி அழைப்பிதழ்கள் வைத்திருப்போர், அவற்றை எறிவதற்கு முன் அருகிலுள்ள கலை நூலகத்தில் ஒருமுறை காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
வழிகாட்டியின் தொகுப்பாளன்