விலை மட்டும் போதாது, வீட்டின் நிலையையும் எழுதிக் கொடுங்கள்

மலையக நகரங்களில் வீட்டுக்கடன் வழங்கும் வங்கி முகாமையாளர்களுக்கும், அவர்கள் சார்பில் வீடு பார்க்கப் போகும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் நாவலப்பிட்டியிலும் பழைய வீடு வாங்கும் குடும்பங்கள், ஊழியர் சேமலாப நிதியையும் வெளிநாட்டில் உழைத்த காசையும் போட்டுவிட்டு மிச்சத்துக்கு உங்களிடம் வருகின்றன. நீங்கள் மதிப்பீட்டாளரை அனுப்புகிறீர்கள். அவருடைய கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்குபவர்தான் கட்டுகிறார். காணி எத்தனை பேர்ச், கட்டடம் எத்தனை சதுர அடி, விற்றால் என்ன விலை போகும் என்று அறிக்கை சொல்லும். சுவர் நகர்கிறதா, கூரை மரம் உளுத்துவிட்டதா என்று பார்ப்பது அவரிடம் ஒப்படைத்த வேலை அல்ல. ஆனால் வீட்டில் பேசிக்கொள்வது வேறு: “பேங்க்ல இருந்தே வந்து பாத்துட்டாங்க, வீடு நல்லாத்தான் இருக்கும்.” அந்த நம்பிக்கையில்தான் காணி உறுதியில் கையெழுத்து விழுகிறது.

பழைய வீடுகளை உடைத்துத் திருத்துகிற மேசன், தச்சு, மின் வேலைக்காரர்கள் நாங்கள். பூச்சை உரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். விலை அறிக்கையோடு வீட்டின் நிலையைச் சொல்லும் ஒரு பக்கமும் சேர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறோம்.

முதலில் வீட்டுக்குப் பின்னால் போங்கள். இங்கே அநேகமான வீடுகள் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் நிரப்பிக் கட்டியவை. பின்பாதி வெட்டிய தரையிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும். நிரப்பிய பக்கம் மெல்ல இறங்கும்போது பக்கச் சுவரில் படிபோலச் சாய்ந்து ஏறும் வெடிப்பு விழும். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் பள்ளத்துப் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். முடி அளவு வெடிப்பு பூச்சோடு போய்விடக்கூடியது. ஒரு நாணயம் நுழைகிற வெடிப்பு அப்படியல்ல. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நடுவில் இரு பக்கமும் புள்ளி வைத்து இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள். நல்ல மழை பெய்த பிறகு மறுபடி அளந்தால், பழைய காயமா இன்னும் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். பின்சுவர் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கேதான் கூடுதல் நேரம் நிற்க வேண்டும்.

தரை மட்டம் பார்க்க, அரை அங்குலத் தெளிந்த குழாய் முப்பது அடி போதும். காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒரு மூலையில் வைத்துக்கொண்டு மற்ற முனையை மூலை மூலையாகக் கொண்டுபோய், இரு முனையிலும் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இருபது அடிக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் கேட்காமல் விடக்கூடாது. கதவு நிலையில் உரசுவது, தரைக்கும் சுவருக்கும் இடையே வாய் திறந்திருப்பது, சரிவில் மேலே நிற்கும் மரங்களின் அடி வளைந்து நுனி மட்டும் நிமிர்ந்திருப்பது, மின்கம்பம் சாய்ந்திருப்பது: இவை சேர்ந்து வந்தால் நகர்வது வீடு மட்டுமல்ல, நிலமே.

அடுத்து, சரிவின் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர். அதைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர். இரண்டு மூன்று அங்குலக் குழாய்கள் வரிசையாக வெளியே தெரிகின்றனவா, மழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். மழையிலும் காய்ந்தே கிடக்கும் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். சுவரின் நடு வயிறு முன்னே தள்ளியிருந்தால், நீளமான கம்பொன்றை நிமிர்த்திப் பிடித்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். சரிவின் மேல்விளிம்பில் கான் வெட்டியிருக்கிறதா? மேல்வீட்டின் கழிவுநீர்க் குழி இந்தச் சுவருக்கு நேர் மேலே இருக்கிறதா? இருந்தால், வெயில் காலத்திலும் அந்த மண் ஈரமாகவே இருக்கும்.

இது மிகையான பயமல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்சரிவில் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடு ஆட்களையும் கொண்டுபோயின. அபாய வலயங்களில் புது வீடு கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை கேட்கிறார்கள். ஏற்கெனவே நிற்கும் வீடு கைமாறும்போதும் அதே அறிக்கையை நீங்கள் கேட்கலாமே. அதே சரிவு, அதே மழை. அந்த நிறுவனத்திடம் 1:10,000 அளவில் அபாய வரைபடங்கள் உண்டு. அவற்றைப் பார்த்து இடத்தின் வலயத்தை எழுதுவதோடு, காணியையும் நேரில் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து பேர்ச் காணியில் என்ன நடக்கிறது என்று வரைபடம் காட்டாது.

இனி கட்டடம். பழைய சுவர்கள் பல, கருங்கல்லைச் சுண்ணாம்பு அல்லது களிமண் சாந்தில் வைத்துக் கட்டியவை. அந்தச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சீமெந்துப் பூச்சுப் பூசினால் வெளியேற வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு மூன்று அடி உயரத்தில் வெள்ளை உப்பாகப் பூக்கும், பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். விரல் மூட்டால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். மறுபடி சீமெந்து பூசுவது பரிகாரம் அல்ல. பலகைத் தரை வீடுகளில் தரைக்குக் கீழே காற்றோட்டத் துளைகள் இருக்கும். முற்றத்துக்கு மண் போட்டு உயர்த்தும்போது அவை மூடிப்போகின்றன, பிறகு பலகையைத் தாங்கும் மரம் சத்தமில்லாமல் இற்றுப்போகிறது.

களிமண் சாந்துச் சுவரின் மேல் தூண் எதுவும் இல்லாமல் கொங்கிரீட் தட்டு போட்டு மாடி எழுப்பிய வீடுகளும் நகரங்களில் உண்டு. அப்படிப்பட்ட மாடியை மதிப்பில் கூட்டாதீர்கள், ஆபத்தாக எழுதுங்கள்.

கூரைக்கு ஏணி வைத்து ஏறித்தான் ஆக வேண்டும். வீடும் பின்கட்டும் சேரும் இடத்துப் பீலியில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். பீலிக்குக் கீழே கைமரத்தின் நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது. தகரக் கூரையில் ஒரு தகடு மற்றதன் மேல் ஏறும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் வாள் போடவும் கூடாது, பாசியைக் காய்ந்த நிலையில் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. புதிதாகச் சீலிங் அடித்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி வாங்குங்கள்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். குளிர் ஊர்களில் வீடு வாங்கியவுடன் முதலில் பூட்டுவது சுடுநீர் ஹீட்டர். ஐந்து கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 22 அம்பியர் இழுக்கும். அதற்குப் பிரதான பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் வர வேண்டும், தூரம் கூடினால் 6. பழைய வீட்டில் இருப்பதோ மரப்பலகையில் பீங்கான் பியூஸ், வளைத்தால் உடையும் ரப்பர் உறை வயர். மின்கசிவு வந்தால் தானே மின்னைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா, எர்த் கம்பி மண்ணுக்குள் உண்மையிலேயே போகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து அறுந்து சும்மா தொங்கும் எர்த் கம்பிகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

கழிவறையில் சாயம் கரைத்து ஊற்றிவிட்டு கீழே உள்ள கானைப் பாருங்கள். சாயம் அங்கே வந்தால் குழி இல்லை, அல்லது இருந்தும் கழிவு அதற்குள் நிற்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் வீடென்றால், ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது, மார்ச் மாதத்தில் இருபது லீற்றர் வாளி நிறைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எழுதுங்கள். உறுதி, நில அளவைப் படம், நகர சபையின் அனுமதி எல்லாம் உங்கள் சட்டப்பிரிவு பார்ப்பவைதான். அனுமதித்த வரைபடத்தையும் நிற்கிற கட்டடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் பின்கட்டு அதில் இராது.

இவற்றைப் பார்க்க ஒரு முற்பகல் போதும். மழையின் கணக்கு மட்டும் வேண்டும். ஹட்டன், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வீடு தன் குறையைத் தானே காட்டும். வெயிலில் பார்த்த வீட்டை முதல் மழைக்குப் பிறகு இன்னொரு தடவை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த ஒரு பக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, உறுதி எழுதுவதற்கு முன்பே வாங்குபவர் கையில் கொடுங்கள். கட்டணம் கட்டியவருக்கு அதைப் படிக்கும் உரிமை உண்டு. திருத்த வேண்டிய குறை தெரிந்தால் கடனை மறுத்துவிட வேண்டாம். திருத்தச் செலவை விலையில் குறைத்துப் பேச அவருக்கு அவகாசம் கொடுங்கள், அல்லது கடனில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து வேலை முடிந்ததும் விடுவியுங்கள். நிலமே நகர்கிற இடமென்றால் கடன் கொடுக்காதீர்கள், காரணத்தையும் எழுத்தில் சொல்லுங்கள். மாதிரிப் படிவம் ஒன்றைத் தயாரிக்கவும், உங்கள் மதிப்பீட்டாளர்களோடு ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டவும் நாங்கள் ஆயத்தம்.

இப்படிக்கு,
மலையக நகரங்களில் பழைய வீடுகளைத் திருத்தும் மேசன், தச்சு, மின், நீர்க்குழாய் வேலைக்காரர்கள்