பிரட்றிக் கோட்டைப் பாதையில் துடைப்பம் பிடித்த அக்காவுக்கு

திருக்கோணேச்சரத்துக்கு ஏறும் வழியில் என் அம்மாவுக்குத் தலை சுற்றியது. துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு ஓடிவந்த அக்கா, மிக்க நன்றி! உங்களுக்கென்று வைத்திருந்த பிளேன்ரீயைப் போத்தல் மூடியில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தீர்கள், ஓட்டோவையும் மறித்தீர்கள். பெயர் கேட்டேன். “அது எதற்குத் தம்பி, அம்மாவைப் பாருங்கள்” என்றீர்கள்.

அந்தக் கோட்டைக்கோ, திருகோணமலையை எட்டியே பார்க்காத ஆங்கில இளவரசர் ஒருவரின் பெயர். திறப்புவிழாவுக்கு நாடா வெட்டியவருக்கும் கல்வெட்டு உண்டு, பொன்னாடையும் உண்டு (இந்த வெயிலில் பொன்னாடை!). மான்கள் தின்றுவிடாதபடி பொலித்தீன் பைகளைக் குனிந்து பொறுக்குகிறவரை யாரும் மேடைக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.

அம்மா இப்போது நலம். அடுத்த வெள்ளிக்கிழமை உங்களைத் தேடி வருவோம். பெயரைச் சொல்லியே ஆகவேண்டும், அக்கா.