தெற்கு எல்லையில் ஒரு தங்கச்சி

தம்பிலுவில்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வம்ச மரத்தைப் பார்த்தேன். பேரனின் பள்ளிக்கூட வேலைக்கு அவசரமாகச் செய்தது என்றாய், சரி. ஆனால் அப்பா பக்கம் நாலு தலைமுறை ஏறியிருக்கிறது. என் பக்கம் அம்மம்மாவோடு நின்று, மேலே ‘தெரியாது’ என்று கிடக்கிறது. நம்ம ஊரில் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியாகத்தானே வருகிறது? நீ என் குடி, நான் என் அம்மாவின் குடி. இங்கே சோனக முஸ்லிம் சனமும் அப்படித்தான் குடி பார்க்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, தேடக் கிளம்பிவிட்டேன்.

உன்னை மட்டும் குறை சொல்லி என்ன? உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார். பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எல்லாம் எழுதக் கூடு இருக்கிறது. பாட்டிக்கு ஒரு கூடும் இல்லை.

பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதல் இருக்கிறதே என்ற தைரியத்தில் பூட்டியின், அதுதான் அம்மம்மாவின் தாயின், மரணப் பதிவு கேட்டுப் போனேன். எந்த ஆண்டு என்றார்கள். ‘பெரிய வெள்ளத்துக்குப் பிறகு’ என்றேன், சிரித்தார்கள். 1957 வெள்ளத்தை அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்! இன்னொன்று: இப்போது அம்பாறை மாவட்டமாக இருக்கிற நாமும் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டம்தான். நீ அங்கிருந்து அம்பாறை என்று போட்டுத் தேடினால் பூட்டி அகப்படமாட்டார்.

கடைசியில் வழிகாட்டியது வீட்டு உறுதிதான், அந்தச் சொத்துப் பத்திரம். வீடு மகளுக்குத்தானே சீதனமாகப் போகிறது? அப்போ உறுதிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் தாய்மார் வரிசையாக வருவார்கள். 1978 சூறாவளியில் ஓடு பறந்தபோது நனைந்த கட்டு அது. தாள்கள் அப்பளம்போல ஒட்டிக் கிடந்தன. ஆவி காட்டிப் பிரிக்க இரண்டு நாள் போனது. உள்ளே அம்மம்மாவின் சீதன உறுதி, 1930. உறுதி எழுதிய நொத்தாரிசின் எழுத்து கோழி கிளறியதுபோல. அடியில் சீதனம் கொடுத்த பூட்டியின் கைநாட்டு, இடது பெருவிரல். குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. கதிர் பிடிக்கிற கையல்லவா, தாக்கத்தி பட்ட வடுவாக இருக்கும். என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடச் சின்ன விரல்.

அந்த வீட்டு வளவு தனக்குத் தன் தாய்வழி முதுசமாக வந்தது என்று பூட்டி சொல்லி, தாயின் பெயரும் எழுதியிருக்கிறது. ஆக இன்னொரு தலைமுறை கிடைத்துவிட்டது. எல்லைகளையும் வாசித்தேன். வடக்கே ஒழுங்கை, கிழக்கே தோட்டம், தெற்கே ‘என் தங்கை வளவு’. பூட்டிக்கு ஒரு தங்கச்சி இருந்ததை இத்தனை காலமும் ஒருவர்கூடச் சொன்னதில்லை!

படம் வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பூட்டியின் பெயர் உறுதியில் ‘பிள்ளை’ என்று முடிகிறது, வீட்டில் ‘ஆச்சி’ என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் எழுது. தங்கச்சிக்கும் ஒரு கிளை போடு.

தெற்கு வளவு இப்போது யாருடையது என்று நினைக்கிறாய்? நீ சின்னதில் மாங்காய் பறித்து ஏச்சு வாங்கினாயே, அந்த வீடுதான்.

அம்மா