புது புஷ் ஏன் ஆறு மாதத்தில் கிழிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையிலும், லோரி ஓடிக் குழி விழுந்த சாலையிலும் தினம் ஓடும் பழைய வீரா, கஞ்சில் கார்களுக்கு முன்பக்க சஸ்பென்ஷன் தேய்வது சகஜம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலர் கடையில் சாமான் வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் லோவர் ஆமில் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) புதிதாகப் போட்ட புஷ் ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டால், சாமான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். பல நேரம் குற்றம் சாமானில் இல்லை. போல்ட்டை முறுக்கிய விதத்தில் இருக்கிறது.

புஷ்ஷின் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன்பின் லோவர் ஆம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுகி வளைந்து கொடுக்கிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியவுடனே ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். சும்மா நிற்கும்போதே முறுகியிருப்பது குழியில் விழும்போது இன்னும் முறுகி, ஓரம் வெடித்துவிடும்.

இதைத் தவிர்க்க ஒரு அளவு டேப் போதும். ஜெக் வைக்கும் முன், சமதரையில் கார் நிற்கும்போது, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து, மறக்காமல் சாக்கட்டியால் சுவரில் எழுதி வையுங்கள். 36 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புது லோவர் ஆம் மாட்டும்போது புஷ் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தோடு விட்டுவிட வேண்டும். மற்ற எல்லாம் முடிந்த பிறகு, பால் ஜாயிண்டுக்கு (லோவர் ஆமின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) நேர் கீழே ஜெக் கொடுத்து, சக்கரம் மாட்டும் ஹப்பின் நடுவுக்கும் மட்கார்டுக்கும் அதே 36 வரும்வரை மெல்லத் தூக்கி, அப்போதுதான் கடைசி முறுக்கு. அந்த அளவு வருவதற்குள் கார், அதைத் தாங்கும் ஜெக் ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் மேலே தூக்காதீர்கள். சக்கரத்தை மாட்டி, காரை ரேம்பில் ஏற்றி நிறுத்தி முறுக்குங்கள். புஷ்ஷில் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிப் போகும். அழுத்தி நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

இன்னொரு வீண் செலவு, 'டக்' என்று சத்தம் கேட்டதும் அப்சோபரை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) மாற்றுவது. அப்சோபரில் ஆயில் வழிந்திருந்தால், காரின் மூக்கை அழுத்திவிட்டால் இரண்டு மூன்று முறை ஆடினால், அது போய்விட்டது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்த அறிகுறிகள் இல்லையென்றால் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். 9 மணி, 3 மணியில் ஆடினால், ஸ்டேரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும் ரேக் எண்டையும் பாருங்கள். ஸ்டேரிங் திருப்பும்போது முறுமுறுவென்று சத்தம் வந்தால், திருப்பிவிட்ட பின் ஸ்டேரிங் தானாகத் திரும்பாவிட்டால், அப்சோபர் மேல் மவுண்டில் இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

செங்கல்லையும் சிமெண்ட் கல்லையும் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம், வேண்டாம். அந்தக் கல் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். ஜெக் ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். மண் தரையானால் அடியில் கனத்த பலகை வையுங்கள். பின்சக்கரத்துக்கு முட்டு கொடுங்கள். கழற்றிய டயரைக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வைப்பதும் நல்லது.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். பால் ஜாயிண்டைப் பிரிக்க, நட்டை முழுதும் கழற்றாமல் சில சுற்று விட்டு, அது நுழைந்திருக்கும் நக்கிளின் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் கழன்று வரும். மறையின் நுனியில் தட்டினால் மறை கெடும். காலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். நக்கிளை வெளியே இழுத்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் நழுவிவிடும். திரும்ப மாட்டும்போது, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் புதிதாகவே போடுங்கள். நட்டின் வெட்டு ஓட்டைக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது.

அப்சோபர் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். அப்சோபரை ஸ்பிரிங்கோடு கழற்றிப் பட்டறையில் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.

டை ராட் எண்டு மாற்றுகிறவர்கள், பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்ற வேண்டும். அது பட்டறைவரை ஓட்டிப் போகத்தான். அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யாமல் விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். சக்கர நட்டின் இறுக்கம் பெரும்பாலான சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். 100 கிலோமீட்டர் ஓடிய பின் அதை மீண்டும் சரிபாருங்கள்.

ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புஷ்ஷை எடுத்துக் கொடுக்கும்போது, "தொங்கும்போது முறுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

பட்டறைக்காரர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.