பங்குக் கல்வி வட்டத்தின் ஆண்டறிக்கை: சபையில் இருப்பவர்கள் யார்?

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, முன்பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தும் அருட்சகோதரிகளே, தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

வன்னியில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் முன்பள்ளியையும் மாலை வகுப்புகளையும் கவனிக்கும் இந்த வட்டத்தின் வேலைகள் இந்த ஆண்டும் வழமைபோல நடந்தன. முன்பள்ளி தவணை தவறாமல் இயங்கியது. சாதாரண தர மாணவருக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் மாலை வகுப்பு வைத்தோம். காலபோக மழையில் வீதிக்கு மேலால் வெள்ளம் போன நாட்களில் மட்டும் நிறுத்தினோம். முன்பள்ளிக் கூரையில் உடைந்த ஓடுகள் மாற்றப்பட்டன, கிணற்றுக்குக் கம்பி வலை போட்டாயிற்று. இவை நீங்கள் கண்ணால் கண்டவை, விரித்து எழுதத் தேவையில்லை. சபையின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்தது யாப்புத் திருத்தம், அதாவது வட்டத்தின் அமைப்பு விதிகளைத் திருத்துவதுதான். அதிலும் ஒரே ஒரு விதி: நிர்வாக சபையில் யார் யார் இருக்க வேண்டும், அவர்களைப் பற்றிப் பெற்றோருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "பிள்ளையளை விடுறம், மாதக் காசும் கட்டுறம். சபையில இருக்கிற ஆக்கள் ஆர், என்ன செய்யிறவை எண்டு ஒரு தாளில எழுதித் தரலாம்தானே" என்று கேட்டார். எல்லாரும் தெரிந்த ஆட்கள்தானே என்று சிலர் சொன்னார்கள். அது முப்பது வருடங்களுக்கு முன் சரியாக இருந்திருக்கும். இடம்பெயர்ந்து, மீளக் குடியமர்ந்து, புதிதாக வந்தவர்களும் சேர்ந்த ஊர் இது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் பழைய குடும்பங்களும், 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் ஒரே முன்பள்ளிக்குத்தான் பிள்ளைகளை அனுப்புகின்றன. ஒருவரை ஒருவர் தெரியும் என்று நாமாக நினைத்துக்கொள்ள முடியாது. அந்தத் தாயின் கேள்வி நியாயமானது என்று சபை ஏற்றுக்கொண்டது.

முதலில் எங்கள் பழைய கதையைப் பார்த்தோம். 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் இலங்கைக்கும், 1862இல் திருக்குடும்ப அருட்சகோதரிகள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். 1868இல் யாழ்ப்பாணத்தின் ஆயர் பொறுப்பை ஏற்ற பொன்ஜீன் ஆண்டகை, மதப் பாடசாலைகளுக்கு அரச உதவிப்பணம் கிடைக்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். அந்த ஏற்பாட்டின் கீழ் வளர்ந்த பாடசாலைகளை நிர்வகித்தவர் முகாமையாளர், அநேகமாக ஒரு குருவானவர். உதவிப்பணத்தைக் கையேற்பதும் ஆசிரியரை நியமிப்பதும் அவர் பொறுப்பு. பெற்றோருக்கு அங்கே ஆசனம் இருக்கவில்லை. அந்தக் குருக்கள் காட்டுப் பாதையில் நடந்து வந்து பள்ளிக்கூடம் வைத்தவர்கள், அவர்களுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள்.

பிறகு 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்றன. புனிதர்களின் பெயரோடு இன்று நாம் காணும் பாடசாலைகளில் மிகப் பல அரச பாடசாலைகள். அங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, அதிபரே பதவிவழித் தலைவர். வன்னியில் பங்கின் கையில் மிஞ்சியிருப்பது முன்பள்ளி, மறைக்கல்வி, மாலை வகுப்பு, சில இடங்களில் விடுதி. அளவில் சிறியவைதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை ஒரு தாய் முதன்முதலாக விட்டுப் போகும் இடம் முன்பள்ளி. அதை நடத்துபவர்கள் யார் என்பது சின்னக் கேள்வி அல்ல.

திருச்சபைச் சட்டத்தையும் பங்குத்தந்தை எங்களுக்கு விளக்கினார். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 803ஆம் சட்டம் எது கத்தோலிக்கப் பாடசாலை என்று வரையறுக்கிறது. 806ஆவது, மறைமாவட்டத்திலுள்ள கத்தோலிக்கப் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் உரிமையை ஆயருக்குக் கொடுக்கிறது. பாடசாலை நிர்வாக சபையில் எந்தத் தொழில் செய்தவர் இருக்க வேண்டும் என்று அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் மறைமாவட்ட நிதிக்குழுவைப் பற்றிய 492ஆம் சட்டம் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தக் குழுவில் குறைந்தது மூன்று பேர், நிதி விடயத்திலும் நாட்டுச் சட்டத்திலும் உண்மையான தேர்ச்சியும் நேர்மையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஆயருக்கு நான்காம் உறவுப் படி வரை இரத்த உறவோ திருமண உறவோ உள்ளவர் அதில் இருக்க முடியாது. ஆயருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், எங்களுக்கு ஏன் இருக்கக் கூடாது?

அடுத்து, எங்கள் உறவுகள் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நாடுகளில் எப்படி என்று விசாரித்தோம். ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் மூன்றிலும் இந்தப் பங்கின் பழைய பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை வகுப்புக்கு உதவுவதும் அவர்கள்தான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகள் முழுவதும் அரச பணத்தில் நடக்கின்றன. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு அந்த உரிமைக்கு அடித்தளம். அங்குள்ள 72 கல்விச் சபைகளில் 37 கத்தோலிக்கச் சபைகள். அவற்றின் உறுப்பினர்களை ஆயர் நியமிப்பதில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, உள்ளூராட்சித் தேர்தலோடு சேர்த்து மக்கள் தெரிவு செய்கிறார்கள். போட்டியிடுபவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். தொழில் தகுதி எதுவும் கேட்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் நிற்கலாம், கடை வைத்திருப்பவரும் நிற்கலாம். ஊராரின் வாக்கு என்பது பெரிய பலம். ஆனால் வாக்கு மட்டும் காவலாகாது என்பதையும் அங்கேயே பார்த்தோம். ஒரு கத்தோலிக்கச் சபையின் உறுப்பினர் நால்வர் 2024இல் கலைப்பொருள் வாங்கவென்று இத்தாலிக்குப் போய்ச் செய்த செலவு பெரிய சர்ச்சையாகி, பணத்தைத் திருப்பிக் கட்டும்படி கல்வி அமைச்சர் சொல்லும் நிலை வந்தது. 2025 ஜூனில் ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை உட்படச் சில சபைகளுக்கு, நிதி நிலையைக் காரணம் காட்டி, மாகாண அரசு மேற்பார்வையாளரை நியமித்தது. கணக்கை வாசித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் எந்தச் சபையிலும் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் அரச உதவி பெறும் கத்தோலிக்கப் பாடசாலையில் வேறு ஒழுங்கு. அங்கே பாடசாலை நிர்வாக சபை உறுப்பினரை ஆளுநர் என்பார்கள். ஆயர் நியமிக்கும் ஆளுநர்கள், மற்ற எல்லாரையும் விட இரண்டு பேர் கூட இருப்பார்கள். கத்தோலிக்கத் தன்மையைக் காக்க அது. மிச்சம் பெற்றோர், ஆசிரியர், உள்ளூராட்சி சபை ஆகியோரின் பிரதிநிதிகள். பெற்றோர் பிரதிநிதியைப் பெற்றோரே தெரிவு செய்வார்கள். ஒவ்வொரு ஆளுநருக்கும் வியாபாரத் தொடர்பு என்ன, அதே பாடசாலையில் வேலை செய்யும் உறவினர் உண்டா என்பதைப் பாடசாலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த பழைய குற்றம் ஏதும் உண்டா என்ற சோதனையும் கட்டாயம். எங்களுக்கு மிகப் பிடித்த ஒழுங்கு இதுதான்.

மெல்பேர்ண் உயர் மறைமாவட்டம் 2021இல் தன் பாடசாலைகளை ஒரு கம்பனியின் கீழ் கொண்டுவந்து, பேராயர் நியமிக்கும் பணிப்பாளர் சபையிடம் கொடுத்தது. ஒவ்வொருவருடைய படிப்பையும் வேலை அனுபவத்தையும் பெயரோடு வெளியிடுகிறார்கள். நிறுவனங்களில் பிள்ளைகள் மீது நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணைக்குழுவுக்குப் பின், யாருக்கு யார் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அந்த நாட்டுத் திருச்சபை தட்டிக் கழிக்க முடியவில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா உயர் மறைமாவட்டம் 2012இல் 17 உயர்நிலைப் பாடசாலைகளின் நிர்வாகத்தைப் பொதுநிலையினரின் அறக்கட்டளை ஒன்றிடம் கொடுத்தது. வியாபாரத்தில் தேர்ந்தவர்கள் பணம் திரட்டுவார்கள், நல்லது. ஆனால் சபை முழுவதும் அப்படிப்பட்டவர்களாகவே இருந்தால் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டின் கதையை யார் சொல்வது? இது என் சொந்த அபிப்பிராயம், சபையின் தீர்மானம் அல்ல.

சரி, இனி எங்கள் சபைக்கு வருவோம்.

ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். இப்போது என்ன வேலை, முன்பு என்ன வேலை, படிப்பு, பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம், கணக்கு வைத்த அனுபவம், சபையிலோ ஊழியரிலோ உறவினர் உண்டா, வட்டத்துக்குப் பொருள் விற்கிறாரா என்பவைதான் கேள்விகள். இதையே நிரப்பித் தரப் பலர் தயங்கினார்கள். தயக்கத்தின் காரணத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். போர் முடிந்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தொடங்கி, பெயர், குடும்பம், எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று எத்தனை தாளில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்த சனம் நாங்கள். பழையதைக் கேட்டால் வாய் அடைத்துப்போகும். அதனால் சபை ஏகமனதாக ஒன்று முடிவு செய்தது: போர்க்காலத்தில் ஒருவர் எங்கே இருந்தார், எதை இழந்தார், வீட்டில் யார் காணாமல் போனார் என்பது எங்கள் தாளில் வராது, யாரும் வாயாலும் கேட்கக் கூடாது. பிள்ளைக்கும் காசுக்கும் சம்பந்தமானது மட்டும் கேட்கப்படும். இதைச் சொன்ன பிறகுதான் தாள்கள் திரும்பி வந்தன.

வந்த தாள்களைப் பார்த்தபோது எங்களுக்கே புதிய செய்திகள். ஒரு ஐயா தொழில் என்ற இடத்தில் "கமம்" என்று மட்டும் எழுதியிருந்தார். கதைத்துப் பார்த்தால், கமக்காரர் அமைப்பில் சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீட்டையும் அதன் காசேட்டையும் பல போகங்கள் பார்த்தவர். கடைசி வாய்க்கால்காரனும் குறை சொல்லாத மனிதர். அவரை நாங்கள் இதுவரை பெருநாள் பந்தல் போடுவதற்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு அக்கா தொழில், அனுபவம் இரண்டுக்கும் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார். 2009இல் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் சின்னப் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, மண்ணில் விரலால் "அ" எழுதப் பழக்கியவர் அவர். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இன்று எங்கள் மாலை வகுப்பின் ஆங்கில ஆசிரியை. அந்த அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மொத்தமாகப் பார்த்தால் சபையின் நிலை திருப்தியாக இல்லை. ஒன்பது பேரில் பாதிக்கு மேல் ஓய்வுபெற்ற அரச ஊழியர்கள். பெண்கள் இரண்டு பேர். முன்பள்ளியில் இப்போது பிள்ளை படிக்கும் பெற்றோர் ஒருவர்கூட இல்லை. குடியேற்றப் பகுதியிலிருந்து ஒருவரும் இல்லை, பிள்ளைகளோ அங்கிருந்துதான் நிறைய வருகிறார்கள். கொப்பி, பென்சில் நாங்கள் வாங்கும் கடை ஓர் உறுப்பினருடையது. அதை அவரே முதல் ஆளாகத் தாளில் எழுதித் தந்தார். விலை தீர்மானிக்கும்போது எழுந்து வெளியே போவதாகவும் சொன்னார். அவருக்கு நன்றி. இன்று இருப்பவர்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். அவர்களில் எவரையும் வெளியேற்றும் நோக்கம் இந்தத் திருத்தத்துக்கு இல்லை.

திருத்த வரைவின் சாரம் இதுதான். ஒவ்வொரு உறுப்பினரின் ஒரு பக்கத் தாளும் முன்பள்ளி அறிவித்தல் பலகையில் ஆண்டு முழுவதும் இருக்கும். இரண்டு ஆசனங்கள் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு; அவர்களைப் பெற்றோரே தெரிவு செய்வார்கள், எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். இதில்தான் வாதம் சூடாக நடந்தது. மறைக்கல்வியும் வழிபாடும் பங்குத்தந்தையின் பொறுப்பிலேயே இருக்கும் என்று தனி விதி சேர்த்த பிறகு எதிர்த்தவர்களும் இணங்கினார்கள். எங்கள் முன்பள்ளியில் காலையில் திருநீறு பூசி வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களின் தாய்மாருக்கும் பேச இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், அவர்களில் ஒருவராவது தனியாகக் குடும்பம் நடத்துபவர். காசேட்டைப் பார்ப்பதற்கு, தலைவருக்கும் பொருளாளருக்கும் உறவில்லாத ஒருவர். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் எவரும் ஒரே பதவியில் இருக்க முடியாது, செயலாளருக்கும் இது பொருந்தும்.

சிறுவர் பாதுகாப்புக்குத் தனி விதி எழுதினோம். பிள்ளைகளோடு பழகும் எவரும், சபை உறுப்பினர் உட்பட, பொலிஸ் நற்சான்றிதழ் தர வேண்டும்; ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை முன்பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் கண் மட்டத்தில் எழுதிவிட்டோம். பொதுக்கூட்டம் வரைக்கும் காத்திருக்கத் தோன்றவில்லை.

தாள்களைத் தட்டச்சு செய்து தந்த மாலை வகுப்பு மாணவருக்கும், இரவில் தொலைபேசியில் பொறுமையாக விளக்கம் சொன்ன வெளிநாட்டு உறவுகளுக்கும், கூட்டங்களுக்குத் தேநீர் தந்த மாதர் சங்கத்தினருக்கும் நன்றி.

வரைவு உங்கள் கைகளில் உள்ளது. விதி விதியாக வாசித்து வாக்கெடுக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்