வீட்டுத்திட்டமும் விடுபட்ட பெயர்களும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இலங்கையில் போருக்குப் பின் வந்த வெளிநாட்டு உதவி பற்றிய கட்டுரையைச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். எந்த நாடு எவ்வளவு தந்தது என்ற கணக்கெல்லாம் சரி. அந்தக் காசு பிரதேச செயலகத்தைத் தாண்டி எங்கள் வளவுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. வன்னியில் வீட்டுத்திட்டம் எடுத்துக் கட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் முதலில் அறிவித்தது 50,000 வீடுகள். 2012இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா. வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக எங்கள் வங்கிக் கணக்குக்கே வந்தது. நடுவில் ஒப்பந்தக்காரர் இல்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். அத்திவாரம் எவ்வளவு ஆழம், சீமெந்துக்கு எவ்வளவு மணல் என்று மேசன் பக்கத்திலேயே நின்று பார்த்தோம். பிறகு அரசாங்கம் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தருகிறோம், ஒன்று 21 இலட்சம் என்று வந்தபோது, இந்த வெயிலில் அதற்குள் யார் படுப்பது, அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று சனம் கேட்டது. கட்டிப் பார்த்தவர்களுக்கு விலை தெரியும்தானே.

கோளாறு பட்டியலில்தான். புள்ளி போட்டுப் பயனாளிகளைத் தெரிவு செய்தார்கள். ஆட்கள் கூடின குடும்பத்துக்குப் புள்ளியும் கூட. எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறார். 2009இல் மகனையும் மருமகளையும் இழந்தவர். இப்போது அவரும் பேத்தியும் மட்டும்தான். இரண்டு பேருக்கு என்ன புள்ளி வரும்? "ஆக்கள் இருக்கேக்க செல் விழுந்தது, வீடு வரேக்க ஆக்கள் காணாது எண்டு கழிச்சுப்போட்டாங்கள்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். இன்னமும் அதே தகரக் கொட்டில், மேலே தறப்பாள்.

முந்திக்கொண்டவர்களுக்கும் நட்டம். உலக வங்கித் திட்டத்தில் 325,000 ரூபா வாங்கிக் கட்டத் தொடங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. சீமெந்து விலை ஏற, சுவரோடு நின்றுபோனது. "நீங்கள் ஏற்கெனவே எடுத்தவர்கள்" என்று அடுத்த திட்டத்தில் அவர்களைச் சேர்க்கவில்லை. அப்புறம் நகை அடகுக்குப் போனது, அதுவும் போதாமல் நுண்கடன்.

உதவி தரும் நாடுகள் கட்டி முடித்த வீடுகளை எண்ணிக் கேட்கின்றன. விடுபட்டவர்களின் பெயரையும் அவர்களுக்குப் போட்ட புள்ளியையும் கிராம சேவகர் அலுவலகக் கதவில் ஒட்டவேண்டும் என்றும் அவர்கள் கேட்கலாம். ஒரு தாள், கொஞ்சம் பசை, அவ்வளவுதான் செலவு. அந்த அம்மா மூன்று தரம் மனுக் கொடுத்தார். தனக்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.