பாலைவனத்துக்கு ஒரு பானகக் கணக்கு

அன்புள்ள செல்வி,

போன மாதம் நீ எழுதியதற்குப் பதில் போடாமல் இருந்துவிட்டு, இப்போது ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். திட்டிக்கொண்டே படி. மூட்டுவலிக்கு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாயா, இல்லை இன்னும் முடக்கத்தான் தோசையிலேயே வைத்தியம் நடக்கிறதா? மருமகள் வந்தபிறகு அடுப்படி யார் கையில் என்பதையும் மறைக்காமல் எழுது.

என் சேதி இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பாலைவனத்துக்குப் போகிறேன். ஒரு வாரம். தனியாக.

'பர்னிங் மேன்' என்று ஒரு திருவிழா. உன் பையனைக் கேட்டால் போனில் படம் காட்டுவான். (சில படங்களில் ஆட்கள் துணி இல்லாமல் சைக்கிள் ஓட்டுவார்கள். நான் அந்தக் கூட்டம் இல்லை, பயப்படாதே.) 1986-இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்று இரண்டு நண்பர்கள் எட்டடி உயர மரப்பொம்மை ஒன்றைச் செய்து கொளுத்தினார்கள். 1990 முதல் அது நெவாடா மாநிலத்து பிளாக் ராக் பாலைவனத்துக்கு நகர்ந்துவிட்டது. இப்போது எழுபதாயிரம் பேர்வரை கூடுகிறார்கள். சனிக்கிழமை இரவு அந்தப் பொம்மையை எரிப்பார்கள். ஏன் என்று கேட்காதே. நாம் போகிப் பண்டிகைக்குப் பாயைக் கொளுத்தும்போது யாரும் நம்மைக் கேட்கவில்லை.

எனக்கு இது எப்படி வந்து மாட்டியது என்றால், எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண், ஆறு தடவை போனவள். இந்த முறை கணுக்கால் பிசகிவிட்டது. போன வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, "டிக்கெட் இருக்கு, கார் பாஸும் இருக்கு, வாங்கின விலைக்கே தரேன், யாருக்காவது வேணுமா?" என்று கேட்டாள். மேஜையில் ஐந்து பேர் இருந்தோம். கையைத் தூக்கியது நான்தான் என்பது எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே. வீட்டில் சொன்னேன். அவர் "தாராளமா போய்ட்டு வா" என்றார். அவ்வளவு வேகமாகச் சொன்னதில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். பெண் மட்டும், "அம்மா, உனக்கு வீட்டு ஏ.சி.யே 24-க்கு மேல போனா தலை வலிக்கும்" என்றாள். உண்மைதான்.

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைத்துக்கொள்ளாதே. இது வற்றிப்போன ஏரி. பனியுகத்தில் லஹோன்டன் என்ற பெரிய ஏரி இருந்த இடம், இப்போது அதன் அடிவண்டல் மட்டும் மைல் கணக்கில் பலகைபோலக் கிடக்கிறது. கோடையில் நம் கண்மாய் வெடித்துக் கிடக்குமே, அதை அடிவானம்வரை இழுத்துப் பார். கருவேல முள்கூட முளைக்காத தரை. கிட்டத்தட்ட 3,900 அடி உயரம். பகலில் 38 டிகிரியைத் தொடும், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. காற்று கிளம்பினால் முன்னால் நிற்கிற ஆள் தெரியாதாம். அந்தத் தூசியும் சாதாரணத் தூசி இல்லை, காரம். மிளகாய்க் காரம் இல்லை, சோப்புக் காரம். அந்தக் காலத்தில் துணி வெளுக்க உவர்மண் எடுத்து வருவார்களே, அந்த ஜாதி. வெறுங்காலோடு இரண்டு நாள் நடந்தால் பாதம் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதற்கு மருந்து, வினிகரைத் தண்ணீரில் கலந்து காலைக் கழுவுவது. காரத்துக்குப் புளிப்பு. புளித்தண்ணீர்கூடப் போதும் என்று நினைக்கிறேன், சொன்னால் சிரிப்பார்கள்.

விழாவுக்காக அங்கே முளைக்கிற ஊரில் கடை கிடையாது. ஐஸ்கட்டி மட்டும் விற்கிறார்கள், அவ்வளவுதான். முன்பு காபி விற்றார்களாம், அதையும் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. கொடுக்கலாம், வாங்கிக்கொள்ளலாம். லாரி ஹார்வி 2004-இல் பத்துக் கொள்கைகள் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒன்று, வேண்டியதை எல்லாம் நீயே கொண்டுவந்து உன் காலில் நில் என்பது. தற்சார்பு. படித்தவுடன் எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்து நான்கு வருஷமாக இந்த நாட்டில் எல்லாவற்றையும் பட்டனைத் தட்டி வாங்கிப் பழகியவளுக்கு இது ஒரு பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமை வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை இருந்தது. பத்து நாளில் எதை வாங்கி எப்போது வந்துசேர? ஆசையாக ஆர்டர் செய்த கூடாரம் வந்தது, உள்ளே கம்பிகள் இல்லை. துணி மட்டும். திருப்பி அனுப்பி மாற்று வாங்க நாள் இல்லை. அழாத குறை. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனத் தாத்தா இருக்கிறார், பத்து வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது குப்பைத் தொட்டி எந்தக் கிழமை என்பதுதான். வேலி வழியாக நான் அந்தத் துணியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, அவருடைய பேரன்களின் பழைய கூடாரத்தைக் கொண்டுவந்து தூக்கிப் போட்டார். போட்டதோடு விடவில்லை, நின்று நடவும் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை என் தலையிலேயே விழுந்தது.

கூடாரத்தோடு வரும் சின்ன ஆணிகள் அந்தக் காற்றுக்குத் தாங்காதாம். ஒன்று கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பியை அடித்து இறக்க வேண்டும், அல்லது முழ நீளத் திருகாணியை மெஷின் வைத்து முறுக்கி இறக்க வேண்டும். அலுவலகப் பெண் திருகாணியும் மெஷினும் கொடுத்துவிட்டாள். திருகாணித் தலை ஒவ்வொன்றுக்கும் பழைய டென்னிஸ் பந்தைக் கிழித்து மாட்டச் சொன்னாள், இல்லாவிட்டால் ராத்திரி முழங்கால் சில்லு போய்விடும். பந்து எதிர்வீட்டு நாயிடமிருந்து வந்தது. கண்ணுக்குக் கண்ணாடி, பனிச்சறுக்குப் போகிற ஒரு பஞ்சாபிப் பையனுடையது. சைக்கிள் என் பெண் பள்ளிக்கூடத்தில் ஓட்டியது, முன்னும் பின்னும் விளக்குக் கட்டியாகிவிட்டது. முகமூடி மட்டும் என் சொந்தம், காட்டுத்தீப் புகைக்காக வாங்கி மிஞ்சியது. ஆக, தற்சார்புத் திருவிழாவுக்குப் போகிற என் காரில் பாதிக்கு மேல் இரவல். யாரிடமும் கேட்டு வாங்காமல் வாழ்வதைத்தான் இங்கே வந்து இத்தனை வருஷம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறேன். நாமெல்லாம் உப்பும் உறைமோரும் கேட்டு நாலு வீட்டுக் கதவைத் தட்டி வளர்ந்தவர்கள்தானே.

தண்ணீர்க் கணக்கு தனி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், அதாவது ஐந்தே முக்கால் லிட்டர் போல. ஏழு நாளுக்கு நாற்பது லிட்டர். 2023-இல் மழை பெய்து அந்தத் தரை முழுக்கக் களியாகி, வண்டி நகர முடியாமல், வாசலை மூடி, பல்லாயிரம் பேர் மாட்டிக்கொண்டார்கள். அதனால் இரண்டு நாளுக்குக் கூடுதலாகத் தண்ணீரும் சாப்பாடும் வைத்திருக்கிறேன். பிளட் பிரஷர் மாத்திரை பதினைந்து நாளுக்கு.

தண்ணீரைக் கொண்டுபோவதைவிடக் கஷ்டம், அழுக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவருவது. பாத்திரம் கழுவின தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது. குப்பைத் தொட்டியும் கிடையாது, வெங்காயச் சருகு முதற்கொண்டு வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். அரசாங்க நிலம், விழா முடிந்தபின் வந்து பார்ப்பார்கள், ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை தேறக் கூடாது. அதனால் சமையல் என்ற பேச்சே இல்லை. சப்பாத்தி, புளிக்காய்ச்சல், நனைத்தால் போதும் என்று அவல், இட்லி மிளகாய்ப்பொடி, கடலை மிட்டாய். நம் அம்மாக்கள் பழனிக்குப் போகும்போது கட்டின மூட்டைதான். உதிரும் என்பதால் இறகும் ஜிகினாவும் கூடாது என்கிறார்கள். அப்படியென்றால் தலையில் பூவும் கூடாது. கோலப்பொடி எடுத்து வைத்திருந்தேன், அதையும் வெளியே எடுத்துவிட்டேன். அவ்வளவு பெரிய வாசல், ஒரு புள்ளி வைக்க முடியாது!

தலைக்கும் முகத்துக்கும் சுற்றிக்கொள்ள அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைப் பாதியாகக் கிழித்தேன். கிழிக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திக்கு ஈடு எந்தக் கடையிலும் இல்லை.

ஊரின் அமைப்பைக் கேட்டால் உனக்குப் பிடிக்கும். நடுவில் அந்தப் பொம்மை, அதைச் சுற்றிக் குதிரை லாடம்போலத் தெருக்கள். முகவரி எல்லாம் கடிகார மணியில். இரண்டு மணியில் தொடங்கிப் பத்து மணியில் முடியும். தனியாக வருகிறவர்களுக்கு ஏழரை மணிப் பக்கம், வெளித்தெருக்களில் இடம் கிடைக்கும் என்று அலுவலகப் பெண் சொன்னாள். ஏழரை! உங்கள் ஜோசியர் காதில் போட்டுவிடாதே.

கோயில் என்று ஒரு மரக் கட்டடமும் உண்டு. 2000-இல் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி ஆரம்பித்து வைத்த வழக்கம். செத்துப்போனவர்களின் படம், கடிதம் எல்லாம் கொண்டுவந்து உள்ளே வைப்பார்கள், ஞாயிறு இரவு அதையும் எரிப்பார்கள். பொம்மை எரியும்போது கூச்சல், இது எரியும்போது சத்தமே இருக்காதாம். அப்பாவுக்கு ஏதாவது கொண்டுபோகிறாயா என்று கேட்டார்கள். அவருக்குச் செய்யவேண்டியதைத் திருப்புவனத்தில் செய்தாயிற்று, நீதானே கூட வந்தாய். அதனால் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. சும்மா போய் உட்கார்ந்திருப்பேன்.

எல்லாரும் தெய்வப் பிறவிகள் என்று நினைத்துவிடாதே. ஆள் வைத்துச் சமைத்து, ஏ.சி. வண்டியில் படுத்து, தனி விமானத்தில் வந்து இறங்குகிற பணக்காரர்களும் இருக்கிறார்கள். தற்சார்பைக் கூலிக்கு எடுக்கிறவர்கள். நம் ஊர்த் திருவிழாவில் வி.ஐ.பி. பாஸ் போலத்தான்.

சரி, இப்போது நான் கேட்க வந்த விஷயம்.

அங்கே போகிறவர்கள் கொடுப்பதற்கு ஏதாவது கொண்டுபோவார்கள். பாசிமணி, ஸ்டிக்கர் என்று வாங்கலாம், எனக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது உங்கள் தல்லாகுளத்து வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. மதுரைக்கு வருகிற அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு உங்கள் அப்பத்தா தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, அண்டாவில் பானகம் கரைத்து, நம் இரண்டு பேர் கையிலும் அகப்பையைக் கொடுப்பாரே. "அண்ணாந்து குடிக்கிறவன் மூஞ்சியப் பாக்காதீங்கடி, பாதியில வச்சிருவான்" என்பார். அந்த வெயிலில் வெல்லமும் சுக்கும் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் உள்ளே போனதும் வருகிற தெம்பு, இங்கே பொட்டலத்தில் விற்கிற உப்புச் சத்து மாவில் வராது. ஆகவே ஏழரை மணித் தெருவில் என் கூடாரத்து முன்னால், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சின்னத் தண்ணீர்ப்பந்தல். இதற்கென்று இருபது லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் காரில் ஏற்றிவிட்டேன். ஐஸ் அங்கேயே கிடைக்கும். டம்ளர் பிரச்சினையும் இல்லை, அங்கே ஒவ்வொருவரும் இடுப்பில் தன் கோப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் அலைவார்கள். போன தடவை அழகர்கோயில் சாலையில் காகிதக் கோப்பை கணுக்கால் அளவு கிடந்ததைப் பார்த்துவிட்டு நீ புலம்பினாய் இல்லையா, அப்பத்தாவின் பித்தளை டம்ளர் காலம் இங்கே நடக்கிறது என்று வைத்துக்கொள்.

ஆனால் எனக்குப் பக்குவம் வரவில்லை. நேற்று ஒரு பாத்திரம் கரைத்துப் பார்த்தேன், கஷாயம் மாதிரி இருந்தது. சுக்கு அதிகமா, இந்த ஊர் வெல்லத்தில் கரிப்பா தெரியவில்லை. அப்பத்தா போட்ட கணக்கு உன் கையில்தான் இருக்கும். ஒரு குடத்துக்கு வெல்லம் எத்தனை, சுக்கு எத்தனை, எலுமிச்சை எத்தனை பழம்? ஏலக்காய் தட்டிப் போட்டாரா, பொடித்தா? பச்சைக் கற்பூரம் போட்ட ஞாபகம் எனக்கு, நீ இல்லை என்பாய். வெல்லத்தை இங்கேயே காய்ச்சி வடிகட்டிப் பாகாகக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், எலுமிச்சைத் தோலை ஒரு வாரம் சுமந்து திரும்ப முடியாது. சாற்றையும் இங்கேயே பிழிந்து பாகில் கலந்துவிட்டால் எட்டு நாள் தாங்குமா, அல்லது தனிப் பாட்டிலில்தான் வைக்க வேண்டுமா? அதையும் சொல்.

ஞாயிறு விடியற்காலை கிளம்புகிறேன். ரீனோவரை நாலு மணி நேரம், அதற்கப்புறம் ஒரு 120 மைல், அதற்குப் பிறகு வாசல் வரிசையில் எத்தனை மணியோ. உள்ளே போய்விட்டால் போன் எடுக்காது. உங்கள் ஊர்க் கணக்குக்குச் சனிக்கிழமை மதியத்துக்குள் எழுதிவிடு, சாயங்காலம் வெல்லம் காய்ச்சணும்.

உன்,
வசந்தி